அந்தப் படகு ஏன் நின்றது

கேப்டனம்மாவுக்குக் கடலில் ஒருநாளும் வாந்தி வந்ததில்லை. பத்தொன்பது வயதில் கயிறு பிடிக்கச் சேர்ந்ததிலிருந்து எத்தனையோ மோசமான கடலைப் பார்த்துவிட்டாள். கூட வரும் தடித்தடி மெக்கானிக்குகள் எல்லாம் பக்கக் கம்பியைக் கட்டிக்கொண்டு குடலைக் கக்கும்போது, அவள் ஒரு கையில் பன்னும் மறு கையில் ஸ்டியரிங்குமாக நிற்பாள். அப்படிப்பட்டவள் தரையில், மூன்றாவது மாடியில், ஏசி போட்ட அறையில், சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். புது வேலையின் முதல் வாரத்திலேயே மூன்று தடவை.

திரையில் கடல் ஆடியது, நாற்காலி ஆடவில்லை. கண் ஒன்று சொல்ல, உடம்பு வேறொன்று சொல்ல, வயிறு இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது.

கரையிலிருந்து இருபது மைல் தள்ளிக் கடலுக்குள் நட்டு வைத்த காற்றாலைகள் எண்பத்து நான்கு. ஒவ்வொன்றும் ஊரில் இருக்கும் எந்தக் கட்டடத்தைவிடவும் உயரம். அவற்றைப் பழுதுபார்க்கும் ஆட்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் கூட்டிவரும் படகைப் பதினேழு வருடம் அவள் ஓட்டினாள். படகின் மூக்கைத் தூணோடு முட்டி அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஆள் ஏணிக்குத் தாவுவான். அலை ஏமாற்றினால் கால் போய்விடும். பதினேழு வருடத்தில் ஒருவனுக்கும் நகம்கூடப் பெயர்ந்ததில்லை. “கேப்டனம்மா இருந்தா கண்ண மூடிட்டுத் தாவலாம்” என்று ஆட்கள் சொல்லிச் சொல்லி, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அவள் வீட்டுக்காரர் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருந்தார். அவரும்கூடத் துணி வாங்க வருகிறவர்களிடம், “கேப்டனம்மா இன்னும் வரல” என்றுதான் சொல்வார்.

பிறகு கடலிலேயே தங்கும் பெரிய கப்பல் ஒன்று வந்தது. சின்னப் படகுகளை விற்றார்கள். தூண்களின் அடியில் மண் அரித்திருக்கிறதா, கடலடியில் புதைத்த மின் கேபிள் வெளியே தெரிகிறதா என்று பார்க்கும் வேலைக்கு ஆளில்லாப் படகுகளை வாங்கினார்கள். கம்பெனி நான்கு படகோட்டிகளைக் கூப்பிட்டு, படித்துத் தேறினால் நாற்காலி, இல்லையென்றால் வீடு என்று சொல்லிவிட்டது. இரண்டு பேர் வீட்டுக்குப் போனார்கள். ஒருவர் பயணிகள் படகுக்குப் போனார். கேப்டனம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அறை துறைமுகத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, புறவழிச் சாலையில், ஒரு டயர் கடையின் மேல்மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் எதிரே மரச்சாமான் கடையின் கார் நிறுத்துமிடம். கடல் வாசனைக்குப் பதில் ரப்பர் வாசனை. ஏசி ஒழுகும் இடத்தில் ஒரு நீல பக்கெட் வைத்திருந்தார்கள். யாருக்கு ஞாபகம் வருகிறதோ அவர் கொட்டுவார்.

அவள் ஓட்டிய படகுக்கு ஏதோ எழுத்தும் எண்ணும் சேர்ந்த பெயர் உண்டு. அறையில் எல்லோரும் ‘மொட்டை’ என்பார்கள். பன்னிரண்டு மீட்டர் நீளம், மஞ்சள் நிறம். மேலே அறையோ கைப்பிடிக் கம்பியோ எதுவும் கிடையாது. ஒரு கம்பமும், அதன் உச்சியில் கேமராவும், ஒரு ஒலிபெருக்கியும், மற்ற கப்பல்களின் சங்குச் சத்தம் கேட்பதற்கான மைக்கும்தான். மனிதன் ஏறக்கூடாது என்றே செய்தது போல வழவழவென்று இருக்கும். காலையிலிருந்து மாலை வரை ஏர் உழுவது போல நேர்க்கோட்டில் போய்த் திரும்பி, போய்த் திரும்பி, கீழே இருப்பதைச் சோனாரில் படம் பிடிக்கும். அது கோட்டை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

பக்கத்து மேஜையில் இன்னொரு மொட்டையைப் பார்த்துக்கொண்டவர், ஒருகாலத்தில் சரக்குக் கப்பலில் வயர்லெஸ் பார்த்தவர். ஓய்வுபெற இரண்டு வருடம் பாக்கி. இருவருக்கும் மேலே ஒரு மேற்பார்வையாளர். முப்பது வயது, கடலில் கால் நனைத்ததோடு சரி. கெட்டவர் இல்லை. ஆனால் எதைக் கேட்டாலும், “இருங்க, கேட்டுச் சொல்றேன்” என்பார். லீவு கேட்டாலும் அதே பதில், ஏசியை ரிப்பேர் பண்ணச் சொன்னாலும் அதே பதில். முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘இருங்க சார்’ என்று பெயர். “பசிக்குதான்னு கேட்டாக்கூட வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் சொல்வாரு” என்று வயர்லெஸ்காரர் சொல்லிச் சிரிப்பார்.

கோட்டை விட்டு விலக ஒரு விதி இருந்தது. வேறு எந்தப் படகையோ, ஆளையோ, மிதக்கும் பொருளையோ நெருங்குவதற்கு முன்னால் மேற்பார்வையாளரிடம் கேட்க வேண்டும். அவர் காற்றாலை நிறுவனத்தின் பொறுப்பதிகாரியிடம் கேட்க வேண்டும். முன்பு ஒரு மொட்டை யாரோ மீனவரின் வலையைக் கிழித்து, வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. அதற்குப் பிறகு வந்த விதி. ஆறு மாதத்துக்கு முன் கேப்டனம்மா ஒருநாள் அதை மீறினாள். ஏதோ மிதக்கிறதே என்று திருப்பிப் போய்ப் பார்த்தாள், பிளாஸ்டிக் டிரம். நாற்பது நிமிட அளவெடுப்பு வீணாயிற்று. மறுநாள் அவள் மேஜையில் எச்சரிக்கைக் கடிதம் இருந்தது.

“கடல்ல மிதக்கறது என்னன்னு போய்ப் பாத்ததுக்கு எனக்கு மெமோ” என்று வீட்டில் சொன்னாள்.

வீட்டுக்காரர் வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு, “விட்டுத் தள்ளு. இனிமே கேட்டுட்டுப் போ. உனக்கென்ன, ஒரு வார்த்தைதானே” என்றார்.

அதற்குப் பின் அவள் கேட்டுவிட்டுத்தான் போனாள்.

அன்று புதன்கிழமை. காலை பத்து மணி பத்து நிமிடம். கடலில் நெஞ்சுயர அலை, மேகம் மூடிய வானம். மொட்டை முப்பத்தோராம் எண் தூணுக்கு வடக்கே போய்க்கொண்டிருந்தது. திரையின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒன்று எழுந்து மறைந்தது. கேமராவைத் திருப்பிப் பெரிதாக்கினாள். கவிழ்ந்த சிறு படகின் அடிப்பாகம். அதன் பக்கத்தில் இரண்டு தலைகள். ஒருவர் ஆரஞ்சு மிதவை அங்கி போட்டிருந்தார். இன்னொருவர் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேனைக் கட்டிப் பிடித்திருந்தார். எவ்வளவு பெரிதாக்கினாலும் இரண்டும் கடுகளவுதான் தெரிந்தன.

அவள் மொட்டையை நிறுத்தி மூக்கை அவர்கள் பக்கம் திருப்பினாள். “அண்ணே, ரெண்டு பேர் தண்ணியில இருக்காங்க” என்றாள். வயர்லெஸ்காரர் அப்போதே கடலோரக் காவலைக் கூப்பிட்டார். ஹெலிகாப்டர் வர நாற்பது நிமிடம் ஆகும், பெரிய கப்பல் காற்றாலைக் கூட்டத்தின் மறுகோடியில் இருக்கிறது, அது வர ஐம்பது நிமிடம் என்று பதில் வந்தது. மொட்டைக்கும் அவர்களுக்கும் நடுவில் தொள்ளாயிரம் மீட்டர். ஐந்து நிமிட ஓட்டம்.

இருங்க சார் கண்ணாடி அறையில் விருந்தாளிகளோடு இருந்தார். அவள் கதவைத் தட்டித் திறந்து சொன்னாள்.

“இருங்க அக்கா, ஒரு நிமிஷம். கேட்டுச் சொல்றேன். எதுவும் பண்ணிடாதீங்க.”

அவர் போனைக் காதில் வைத்தார். அவள் தன் நாற்காலிக்குத் திரும்பி, ஜாய்ஸ்டிக்கில் கை வைத்தபடி உட்கார்ந்தாள்.

அந்த உட்கார்ந்திருப்பைத்தான் பிற்பாடு எத்தனை தடவை நினைத்தும் அவளால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. சொந்தப் படகில் நின்றிருந்தால் யாரையும் கேட்டிருக்க மாட்டாள். கேட்கத் தோன்றியே இருக்காது. கை தானாகத் திருப்பியிருக்கும். மெமோவுக்குப் பயந்தாளா என்றால், பயம்தான். ஆனால் அது மட்டும் இல்லை. காற்று முகத்தில் அடிக்கவில்லை, கூப்பிடும் சத்தம் கேட்கவில்லை, நாற்காலி ஆடவில்லை. அங்கே சாவது இரண்டு மனிதர்கள் என்று மூளைக்குத் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. இப்போது சொல்லிவிடுவார், இதோ சொல்லிவிடுவார் என்று அவள் கண்ணாடி அறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு எண்ணை விட்டுவிட்டு இன்னொரு எண்ணைத் தட்டினார். பொறுப்பதிகாரி எடுக்கவில்லை.

“கேப்டனம்மா” என்றார் வயர்லெஸ்காரர் மெதுவாக. “ஒரு தலைதான் தெரியுது.”

அவள் திரும்பிப் பார்த்தாள். வெள்ளைக் கேன் மட்டும் தனியாக மிதந்து போய்க்கொண்டிருந்தது. அவள் யாரையும் கேட்காமல் ஜாய்ஸ்டிக்கை முன்னே தள்ளினாள். பத்து மணி இருபத்திரண்டு.

போய்ச் சேர்ந்தபோது ஆரஞ்சு அங்கிக்காரர் கவிழ்ந்த படகின் விளிம்பை நகக்கண்ணால் பிடித்துக்கொண்டிருந்தார். படகு முக்கால்வாசி மூழ்கிவிட்டது. அவள் ஒலிபெருக்கியைப் போட்டாள்.

“அண்ணே, நான் பேசறது கேக்குதா?”

மைக்கில் காற்றோடு சேர்ந்து அவர் குரல் வந்தது. “யாரு உள்ள? வெளிய வந்து கயித்தப் போடுங்க.”

“உள்ள யாரும் இல்லண்ணே. நான் கரையில ஒரு ரூம்ல உக்காந்து பேசறேன். இந்தப் படகுல ஆளே கிடையாது.”

அவர் கேமராவை அண்ணாந்து பார்த்தார். வாயில் தண்ணீர் ஏறி இறங்கியது. “ஆளில்லாத படகு எதுக்கும்மா வந்துச்சு” என்றார். அழுகிறாரா, கோபப்படுகிறாரா என்று தெரியவில்லை.

“உங்கள நல்லாப் பாத்துட்டு இருக்கேன். சொல்றத மட்டும் செய்யுங்க. இப்ப இஞ்சினை நிறுத்திடுவேன். படகு தானா உங்க மேல வந்து ஒட்டும். பின்பக்கம் ஒரு கறுப்புப் பட்டை வளையமாத் தொங்கும், கிரேன்ல தூக்கறதுக்கு வெச்சது. அதுல முழங்கை வரைக்கும் கைய விட்டுக்கோங்க. அதுக்கு அப்புறம் நான் இஞ்சினைத் தொட மாட்டேன். பயப்படாதீங்க.”

நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று நுரையைப் பார்த்தே கணித்து, அவருக்கு மேல்பக்கமாய்ப் போய் இஞ்சினை அணைத்தாள். இந்த வேலை அவளுக்குத் தெரியும். பதினேழு வருடம் செய்தது. மொட்டை மெல்லச் சரிந்து வந்து அவர் தோளைத் தொட்டது. முதல் தடவை பட்டை நழுவிவிட்டது. இரண்டாவது தடவை கை நுழைந்தது.

“மச்சான் இருந்தாரு” என்றார் அவர். “இப்பத்தான். இப்பத்தான் கைய விட்டாரு.”

நீரோட்டம் இருவரையும் முப்பத்தோராம் தூணைப் பார்த்து இழுத்தது. இஞ்சினைப் போட்டால் சுழல்விசிறி அவர் காலிலிருந்து ஒரு முழம்.

“தூண்ல மோதப்போகுது” என்றார் வயர்லெஸ்காரர்.

“மோதட்டும். அவர் மறுபக்கம்தானே இருக்காரு.”

“அண்ணே, ஒரு இடி இடிக்கும். கைய எடுத்துடாதீங்க” என்று ஒலிபெருக்கியில் சொன்னாள். இடித்தது. இரும்பில் பட்டு உராய்ந்தது. தூண் ஆண்டெனாவை மறைத்ததும் திரை கறுப்பாகிவிட்டது.

படமும் போய், சத்தமும் போய்விட்டது. தான் பேசுவது அங்கே கேட்குமா என்றும் தெரியாது. ஆனாலும் அவள் பேசுவதை நிறுத்தவில்லை. என்ன பேசுவது என்று யோசிக்காமல் வாயில் வந்ததைப் பேசினாள். தன் வீட்டுக்காரர் தையற்காரர் என்றும், கல்யாணமான புதிதில் ஒருவருக்குச் சட்டை தைக்கும்போது இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டார் என்றும், சட்டைக்காரர் மூன்று நாள் கழித்து வந்து, “ஒரு கை முன்னால போகுது, ஒரு கை பின்னால வருது” என்று சொன்னதையும் சொன்னாள். வயர்லெஸ்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான்கு நிமிடம் கழித்து மொட்டை தூணைத் தாண்டி வெளியே வந்தது, படம் வந்தது. பட்டையில் அந்தக் கை இருந்தது.

ஹெலிகாப்டர் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போகும்வரை அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அதற்கப்புறம் அவளுக்கு மூன்று நாள் குரலே இல்லை. இன்னொருவரை அன்றும் மறுநாளும் தேடினார்கள். கடல் அவரைத் திருப்பித் தரவில்லை.

கம்பெனிக்குக் கொண்டாட்டம்தான். ‘ஆளில்லாப் படகு காப்பாற்றிய உயிர்’ என்று செய்தி வந்தது. கேப்டனம்மா கையில் பூங்கொத்தைக் கொடுத்து, திரைக்கு முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். எடுத்த கையோடு ஒரு அறிக்கையை நீட்டினார்கள். படகை இயக்கியவர் கவனித்து, உரியவர்களுக்குத் தெரிவித்து, தாமதமின்றி உதவிக்குச் சென்றார் என்று அதில் எழுதியிருந்தது. குரல் இல்லாததால் அவள் எதுவும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டாள். குரல் இருந்திருந்தாலும் போட்டிருப்பாள் என்று பிறகு அவளே சொன்னாள்.

அதன் பின் எதைப் பார்த்தாலும் பன்னிரண்டு நிமிடம் கண்ணில் பட்டது. பஸ் நிறுத்தத்திலிருந்து டயர் கடை வரை நடந்தால் பன்னிரண்டு நிமிடம். குளித்து உடுத்த பன்னிரண்டு நிமிடம். வீட்டுக்காரர் ஒரு காலர் வைத்துத் தைத்து முடிக்கப் பன்னிரண்டு நிமிடம். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதை அவர் கவனித்துவிட்டார். கேட்டார். சொன்னாள்.

“நீ போகலேன்னா அந்த ஒருத்தரும் போயிருப்பார்ல” என்றார் அவர்.

“உடனே போயிருந்தா ரெண்டு பேரும் வந்திருப்பாங்க. அஞ்சு நிமிஷம்தாங்க.”

அவர் மேற்கொண்டு ஆறுதல் சொல்லவில்லை. அதற்காக அவள் அவரை நன்றியோடு நினைத்துக்கொண்டாள்.

ஆறு வாரம் கழித்து அந்த ஆள் வந்தார். மேலே விட மாட்டார்கள் என்பதால் டயர் கடையில் அடுக்கி வைத்த டயர்மேல் உட்கார்ந்திருந்தார். கேமராவில் தெரிந்ததைவிட ஒல்லி. இடது முழங்கையில் பட்டை அறுத்த தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. அவள் வாயைத் திறந்து, “சொல்லுங்க” என்றதும் எழுந்து நின்றுவிட்டார்.

“அதே குரல்” என்றார். “ரெண்டு இடது கைச் சட்டை. அதக் கேட்டுட்டேதான் இருந்தேன். சிரிக்கணும்னு தோணுச்சு, சிரிச்சா தண்ணி குடிச்சிருவேன்னு பயம்.”

அவள் டீ வாங்கி வந்து கொடுத்தாள். அவர் டம்ளரைக் கையில் வைத்திருந்தாரே தவிர குடிக்கவில்லை.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். யார்கிட்டக் கேட்டாலும் உனக்கு மயக்கம், தண்ணி குடிச்சதுல அப்படித் தோணியிருக்கும்கறாங்க. டாக்டரும் அதான் சொன்னாரு. எங்க அக்காகூட நம்பல. பேப்பர்ல உடனே வந்துச்சுன்னு போட்டிருக்கே, நீ எதுக்குடா கண்டதையும் சொல்றேங்கறா.” அவர் குரல் இறங்கியது. “ஆனா அந்த மஞ்சள் படகு ரொம்ப நேரம் அங்கயே நின்னுச்சு. மூக்க எங்களப் பாத்து வெச்சுக்கிட்டு நின்னுச்சு. நாந்தான் மச்சான்கிட்ட, பாத்துட்டாங்க, வந்துருவாங்க, கொஞ்சம் பிடிச்சுக்கோன்னு சொன்னேன். சொல்லிக்கிட்டே இருந்தேன். அது ஏன் நின்னுச்சு?”

பொய் சொல்ல நிறைய வழி இருந்தது. சிக்னல் போய்விட்டது என்றால் போதும். அவர் நம்பிவிட்டுப் போயிருப்பார்.

“நின்னுச்சு. பன்னெண்டு நிமிஷம்” என்றாள் கேப்டனம்மா. “நாந்தான் நிறுத்தி வெச்சிருந்தேன். போகலாமான்னு மேல கேட்டுட்டு உக்காந்திருந்தேன்.”

டயர் கடையில் யாரோ காற்றடித்தார்கள். அந்தச் சத்தம் ஓயும்வரை அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நான் பாத்தது நெசந்தான்” என்றார். டீயை அப்படியே டயர்மேல் வைத்துவிட்டு, சாலையைக் கடந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

மறுநாள் அவள் லீவு சொல்லிவிட்டு, கடல் விபத்துகளை விசாரிக்கும் அலுவலகத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கே சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த ஒரு பெண் அதிகாரி, இந்த வழக்கு முடிகிற நிலையில் இருக்கிறதே என்றார். நான் கையெழுத்துப் போட்டது தப்பு அறிக்கை என்றாள் கேப்டனம்மா. அதிகாரி கைக்குட்டையைக் கீழே வைத்தார். மொட்டையின் கணினியில் எல்லாம் நொடிக்கு நொடி பதிவாகியிருந்தது. யாரும் கேட்காததால் யாரும் கொடுக்கவில்லை.

செய்தி அறைக்கு வந்ததும் இருங்க சார் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்துப் போனாள். அவர் கத்தவில்லை.

“ஏன் அக்கா இப்பப் போய்ச் சொன்னீங்க?”

“பொழச்சு வந்தவருக்குப் பைத்தியம்னு சொல்றாங்க சார். பாத்ததச் சொன்னதுக்கு.”

அவர் மேஜைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார், மறுபடி நேராக வைத்தார். “அந்தப் பன்னெண்டு நிமிஷமும் நானும் போனக் காதுல வெச்சுட்டு நின்னேன். அவங்க எடுக்கல. எடுக்கலேன்னா என்ன பண்ணணும்னு விதியில எழுதல. போங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. எனக்கு மட்டும் தூக்கம் வருதுன்னு நெனைக்கறீங்களா?”

அவள் அப்படி நினைக்கவில்லை என்றாள்.

விசாரணை நான்கு மாதம் நடந்தது. இருங்க சாரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அவளுடைய இயக்கும் உரிமத்தை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். போனை எடுக்காத பொறுப்பதிகாரிக்கு என்ன ஆயிற்று என்று கடைசிவரை தெரியவில்லை. விதிப் புத்தகத்தில் ஒரு வரி சேர்ந்தது: உயிருக்கு ஆபத்து என்று கண்டால் படகை இயக்குபவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. “இந்த ஒத்த வரிய எழுத ஒரு ஆள் சாக வேண்டியிருக்கு பாருங்க” என்று போனில் சொன்னார் வயர்லெஸ்காரர். திரும்ப வருவீர்களா என்றும் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. வீட்டில் பட்டன் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் விபத்து விசாரணை அலுவலகத்துப் பெண் அதிகாரியிடமிருந்து போன் வந்தது. இறந்தவரின் மனைவி படகு எடுத்த படத்தைப் பார்க்க வேண்டும் என்று மனுக் கொடுத்திருக்கிறார், கம்பெனி மறுத்தும் நான் அனுமதித்துவிட்டேன், எது என்ன என்று எடுத்துச் சொல்லத் தெரிந்த ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், கட்டாயம் இல்லை என்றார். வரப்போவது நான்தான் என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்டாள் கேப்டனம்மா. தெரியும், அவரேதான் உங்களைக் கேட்டார் என்று பதில் வந்தது.

நான்காவது மாடியில் ஒரு சிறிய அறை. ஒரு மேஜை, ஒரு கணினி, இரண்டு நாற்காலி. அந்த அம்மாளுக்குக் கிட்டத்தட்ட இவள் வயதுதான். மடியில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொன்னதற்குத் தலையை மட்டும் அசைத்தார். அதிகாரி படத்தை ஓடவிட்டு வெளியே போய்விட்டார்.

மூலையில் பத்து மணி பத்து நிமிடம் என்று எண்கள் ஓடின. சத்தம் இல்லை. இரண்டு புள்ளிகள் எழுந்தன, தாழ்ந்தன.

“ஆரஞ்சா தெரியறது உங்க தம்பி” என்றாள் கேப்டனம்மா. “வெள்ளைக் கேன் வெச்சிருக்கறது…”

“தெரியுது.”

மூலையில் நிமிட எண்கள் மாறின. அந்த அம்மாள் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார். “தலைய ஒரு பக்கமாத் திருப்பறாரு பாருங்க. ஒவ்வொரு அலைக்கும் திருப்பறாரு. அவருக்கு வலது காது கேக்காது. என்ன கேக்கணும்னாலும் இடது காதத்தான் திருப்புவாரு. படகுச் சத்தம் பக்கத்துல வருதான்னு கேட்டுப் பாக்கறாரு.”

கேப்டனம்மா திரையை நெருங்கிப் பார்த்தாள். இவ்வளவு நாளும் கடுகு என்று நினைத்துக்கொண்டிருந்தது இப்போது காதும் கழுத்துமாகத் தெரிந்தது. ஒன்பதாவது நிமிடத்தை அவள் இதுவரை பார்த்ததில்லை. அன்று அவள் கண்ணாடி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது பார்த்தாள். கேன் ஒரு பக்கம் போயிற்று. தலை ஒரு அலைக்கு மேலே வந்தது. அடுத்த அலைக்கு வரவில்லை. அவ்வளவுதான். ஆரஞ்சுப் புள்ளி மட்டும் அங்குமிங்கும் அலைந்தது.

அவள் கை நிறுத்தும் பொத்தானுக்குப் போயிற்று.

“நிறுத்தாதீங்க” என்றார் அந்த அம்மாள். “ஓடட்டும்.”

ஓடியது. படம் அசையாமல் நின்ற இடத்திலேயே நின்றது. பன்னிரண்டாவது நிமிடத்தில் திரை குலுங்கியது. கடல் நகர ஆரம்பித்தது.

“இங்கதான் கெளம்பறீங்களா?”

“ஆமாங்க.”

“தம்பி சொன்னது சரிதான். நாந்தான் அவனத் திட்டிட்டேன்.”

அந்த அம்மாள் எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். மன்னிப்பைப் பற்றி இருவருமே பேசவில்லை. கேட்க வேண்டும் என்று கேப்டனம்மா பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் ஒன்று இருந்தது; அந்த அறையில் அதைச் சொல்வது பிச்சை கேட்பது போல இருக்கும் என்று தோன்றிவிட்டது.

“என் பொண்ணு தினம் கேக்கறா, அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு” என்றார் அந்த அம்மாள், கதவருகே நின்று. “தெரியாம என்ன சொல்றது. இனிமே சொல்லலாம்.”

லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான்கு மாடியும் இறங்கினார்கள், அந்த அம்மாள் முன்னால், இவள் நாலு படி பின்னால். தெருவுக்கு வந்ததும் அவருடைய பஸ் முதலில் வந்தது. அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் கிளம்பும்வரை இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரர் தைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டு, “என்ன சொன்னாங்க?” என்று கேட்டார்.

கேப்டனம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, துணிகளை ஒதுக்கி, அவருக்கு எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

“அவருக்கு வலது காது கேக்காதாங்க” என்றாள்.